பிசிக்ஸ் கணக்கு பாதியில் நழுவுகிறதா? நீட் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு

"பாடமெல்லாம் ஞாபகம் இருக்கு அண்ணே, பிசிக்ஸ் கணக்குதான் பாதியில விட்டுப்போகுது." மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் பலர் என்னிடம் சொல்வது இது. இது மறதி இல்லை. கணக்கு முடியும்வரை எண்களைப் பிடித்துவைத்திருக்கும் செயல்நினைவில் ஏற்படும் நெரிசல். அதில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விஷயங்கள்தான் நிற்கும். எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்பதில்தான் பயிற்சி வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மூளை ஆய்வு செய்யும் ஏர்ல் மில்லரின் குழு 2016, 2018 ஆண்டுகளில் வெளியிட்ட குரங்கு ஆய்வுகளைப் படித்தபின் இதில் எனக்கு உறுதி கூடியது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியில் ஒரு தகவல் பதியும்போதும், அதை எடுத்துப் பயன்படுத்தும்போதும், காமா எனப்படும் வேகமான மூளை மின்அலைகள் சட்டென்று எழுகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 35 முறை துடிக்கும் பீட்டா அலைகள் அப்போது தணிந்து வழிவிடுகின்றன. தகவல் இனித் தேவையில்லை என்றதும் பீட்டா மறுபடி ஓங்குகிறது. குரங்கு தவறாகப் பதில் சொன்னபோது இந்த ஏற்ற இறக்கமே மாறியிருந்தது. வாயிற்காவல் பீட்டாவின் வேலை என்பது அவர்கள் கருத்து.

சரி, பரீட்சைக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? அலையைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் ஆடியோக்களை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நான் கடைப்பிடித்தது எளிய வழி. ஒரு மின்சுற்றுக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேள்வியின் கடைசி வரி: என்ன கேட்கிறார்கள்? மின்னோட்டம். 12 ஓமும் 4 ஓமும் பக்க இணைப்பு, அப்படியென்றால் 3 ஓம். உடனே அதை ரஃப் இடத்தில் எழுதி, 12, 4 இரண்டையும் அடித்துவிடுங்கள். 6 வோல்ட், ஆக 2 ஆம்பியர். நம்மூர் நண்டு கம்பெனியில் எடை போடும் அக்கா, ஒரு கூடையின் எடையை நோட்டில் எழுதாமல் அடுத்த கூடையைத் தொடவே மாட்டார். அந்த ஒழுங்கு வேண்டும்.

விடையைக் குறித்ததும் ஒரு மூச்சு விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். 180 நிமிடத்தில் 180 கேள்வி, அதற்குமேல் நிற்க நேரமில்லை.

அப்புறம், போட் கரை திரும்பும் நேரத்தில் வீட்டில் போன் ஓயாது. அப்போது உயிரியலைத் திருப்பிப் பாருங்கள். பிசிக்ஸ் கணக்கை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.