ஆர்ட் கோர்ஸ்வொர்க்குக்கு எங்க வீட்டு படிக்கட்ட எடுத்தேன், அதுல நடந்தது

ரிசல்ட் வந்து மூணு நாள் ஆச்சு. ஐஜிசிஎஸ்இ (பத்தாவதுக்கு சமமான சர்வதேச பரீட்சை) ஆர்ட் அண்ட் டிசைன்ல ஏ கிரேடு. ஏ ஸ்டார் வரும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்துச்சு, வரல, அது இன்னும் கொஞ்சம் உறுத்துது, ஆனா போன வருஷம் இதே நேரத்துல நான் இருந்த நிலமைய நெனச்சா பெரிய நிம்மதி. ஜூனியர்ஸ் ரெண்டு மூணு பேர் "என்னைச் சுத்தி இருக்கறதுதான் தீம், ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல"ன்னு கேட்டாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். நாலு ஏஓ (மார்க் போடற அளவுகோல்), ஏ2 சைஸ் பெரிய ஷீட் நாலு, எட்டு மணி நேர எக்ஸாம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

முதல்ல நான் பண்ண தப்பு. தீம் "என் சுற்றுப்புறம்", ஆனா நான் வரைஞ்சது என்னன்னா நெட்ல கெடச்ச பழைய கட்டட போட்டோக்கள். செதஞ்ச சுவரு, ஒடஞ்ச ஜன்னல், பாக்க நல்லா இருக்கும்ல. ஏழு வாரம் இப்படியே போச்சு, ஷேடிங் எல்லாம் நுணுக்கமா பண்ணிருந்தேன். மிஸ் ஒரு நாள் ஷீட்ட பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "இந்த ஜன்னலுக்கு வெளிச்சம் எப்ப வரும், காலைலயா சாயங்காலமா?" எனக்கு பதில் தெரியல. எப்படி தெரியும், நான் அந்த ஜன்னல் முன்னாடி நின்னதே இல்லையே. அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல, மறுநாள் அந்த ஷீட்ட ஓரமா வெச்சுட்டேன்.

புதுசா எதையும் தேடிப் போகல. தெனமும் ஷூ மாட்டறதுக்கு உக்கார்ற எடம் எங்க வீட்டு படிக்கட்டு, 14 படி, நடுவுல ஒரு திருப்பம், ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் கைப்பிடி. அதையே எடுத்தேன். மொத நாளு வழக்கம்போல ஃபோன எடுத்து நாப்பது போட்டோ எடுத்தேன், அதுல இருந்து வரைஞ்சேன், செத்த மாதிரி இருந்துச்சு. ஃபோன் லென்ஸ் கிட்ட இருக்கற படிய ரொம்ப பெருசாக்கி தூரத்துல இருக்கறத சின்னதாக்கிடுது, நிழல் எல்லாம் ஒரே கருப்பா அடைச்சிடுது, அத பாத்து வரைஞ்சா லென்ஸோட தப்பு எல்லாம் உங்க தப்பாயிடும்.

இப்ப சொல்றதுதான் இந்த பதிவுலயே முக்கியமான விஷயம், வேற எத மறந்தாலும் இத மறக்காதீங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கைய வைங்க. சின்ன வயசுல காசு மேல பேப்பர் வெச்சு பென்சில்ல தேய்ப்போமே, அதேதான். மாக்ஸ் எர்ன்ஸ்ட்ன்னு ஒரு ஓவியர் 1925-ல ஒரு விடுதி ரூம்ல தேஞ்சு போன மரத்தரைய பாத்துட்டு, பேப்பர போட்டு தேச்சு எடுத்தாரு, அதுல இருந்துதான் அவரோட ஃப்ராட்டாஜ் (தேச்சு எடுக்கற) படங்களே வந்துச்சு. அவரு பாத்ததும் தான் தங்கியிருந்த ரூமோட தரையத்தான், தேடிப் போய் புடிச்சதில்ல.

எங்க படியோட விளிம்புல வழுக்காம இருக்க மூணு கோடு செதுக்கியிருக்கும். அது மேல மெல்லிசு பேப்பர் வெச்சு 6பி பென்சில (ரொம்ப மெதுவான, கருப்பான பென்சில்) படுக்க வெச்சு தேச்சேன். பள்ளத்துல பென்சில் படாது, அதனால அந்த மூணு கோடும் வெள்ளையா வரணும். சுவர் பக்கம் பளிச்சுன்னு மூணும் வந்துச்சு. நடுவுல மங்குச்சு. கைப்பிடி பக்கம் வந்தப்ப மூணும் காணோம், வெறும் சாம்பல் கலர். பத்து வருஷமா அதுமேல ஏறி எறங்கியிருக்கேன், படி நடுவுலதான் தேயும்னு நெனச்சிட்டிருந்தேன். நாப்பது போட்டோலயும் அது தெரியல. அம்மாகிட்ட காட்டுனேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு, "உங்க தாத்தா முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கைப்பிடிய புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வெச்சுதான் ஏறுவாரு"ன்னாங்க. அத அப்படியே பென்சில்லயே பக்கத்துல எழுதி, கீழ தேதி போட்டேன். என் ஷீட்லயே உயிருள்ள ஆனோட்டேஷன் (படத்துக்கு பக்கத்துல எழுதற குறிப்பு) அதுதான். அதுக்கப்புறம் என் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கேள்வி கெடச்சிடுச்சு: ஆளே வரையாம ஆளு இருந்தத காட்ட முடியுமா?

தேய்க்கறப்ப கவனிக்க வேண்டியது:

- கெட்டியான ட்ராயிங் பேப்பர் (கார்ட்ரிட்ஜ்) வேண்டாம், மெல்லிசா இருந்தாதான் பள்ளம் மேடு தெரியும்.
- நாலு மூலையும் மாஸ்கிங் டேப். கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு ரெட்டையாயிடும்.
- ஒரே பக்கமா தேய்ங்க, அழுத்தத்த மாத்தாதீங்க.
- உடனே ஃபிக்சேட்டிவ் (கலையாம இருக்க அடிக்கற ஸ்ப்ரே), காத்தோட்டமான எடத்துல, லேசா ரெண்டு மூணு தடவ. நான் ஒண்ணுக்கு அடிக்காம மூடி வெச்சு எதிர் பக்கம் முழுக்க கரி ஒட்டிக்கிச்சு.
- பின்னாடி தேதி, எத்தனாவது படின்னு எழுதுங்க. 14 பேப்பர கலந்துட்டீங்கன்னா கண்டுபுடிக்கவே முடியாது.

ஆர்ட்டிஸ்ட் ஸ்டடி பத்தி. எங்க பொறந்தாரு எப்ப செத்தாருன்னு அரைப்பக்கம் எழுதாதீங்க, அதுக்கு மார்க் இல்ல, எடமும் போச்சு. அவங்க பண்ண ஒரு முடிவ எடுங்க, அத உங்க எடத்துல பண்ணிப் பாருங்க. நான் ரெண்டு பேர எடுத்தேன். ஸ்பெயின் ஓவியர் அன்டோனியோ லோபெஸ் கார்சியா 1967-ல பாத்ரூம் வாஷ்பேசினையும் கண்ணாடியையும் வரைஞ்சிருக்காரு. கண்ணாடி நேரா பாத்த மாதிரி இருக்கும், கீழ பேசின் குனிஞ்சு பாத்த மாதிரி இருக்கும், ரெண்டு பார்வைக்கும் நடுவுல ஒரு பட்டை. நாம நெஜமா ஒரு எடத்துல நின்னா அப்படித்தான பாக்கறோம், தலைய தூக்கி ஒரு தடவ, குனிஞ்சு ஒரு தடவ. நான் அதே மாதிரி மேல சுவர நேராவும், கீழ காலுக்கு அடியில இருக்கற படிய மேல இருந்து பாத்த மாதிரியும் வரைஞ்சேன், அதுவரைக்கும் என்ன போராடுனாலும் வராத பர்ஸ்பெக்டிவ் பிரச்சனை அங்கயே தீந்துச்சு. இன்னொருத்தர் சிற்பி ரேச்சல் வைட்ரீட். 2001-ல படிக்கட்ட செய்யாம, படிக்கட்டுக்கு மேல இருக்கற வெற்றெடத்த வார்ப்பா எடுத்தாங்க, நாம நடக்கற காத்த கெட்டியாக்குன மாதிரி. என் கேள்விக்கு அவங்க ஏற்கனவே ஒரு பதில் சொல்லியிருக்காங்கன்னு பாத்தப்ப உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

லினோ ப்ரின்ட்ல (லினோ ஷீட்ல செதுக்கி, மை பூசி, பேப்பர்ல அச்சு எடுக்கறது) ஒரு அடி வாங்குனேன். வரைஞ்சத அப்படியே செதுக்கிட்டேன், ப்ரின்ட் எடுத்தா வலது இடது மாறி கைப்பிடி சுவர் பக்கம் போயிடுச்சு. வேற படமா இருந்தா பரவால்ல, எனக்கு எந்தப் பக்கம் தேஞ்சிருக்குங்கறதுதான விஷயமே. ட்ரேசிங் பேப்பர திருப்பிப் போட்டு மறுபடி செதுக்க ரெண்டு நாள். ஆனா தப்பா வந்தத கிழிக்கல, ரெண்டையும் பக்கத்து பக்கத்துல ஒட்டி ஏன் மாத்துனேன்னு ரெண்டு வரி எழுதுனேன். ஏஓ2, ஏஓ3-க்கு அந்த ஒரு ஜோடி நெறய வேல செஞ்சிருக்கும்னு நம்பறேன். ஷீட்ட அழகாக்கறேன்னு சரியா வந்தத மட்டும் ஒட்டுனா, நீங்க எப்படி அங்க வந்து சேந்தீங்கன்னு பாக்கறவங்களுக்கு தெரியாது.

ஃபைனல் பீஸ்: 14 படியோட கைப்பிடி ஓரம் மட்டும், ஒரு சாண் அகலம், ஒண்ணு மேல ஒண்ணா. ஏ2-வோட உயரம் 59.4 செ.மீ, படிக்கு 4 செ.மீ வீதம் 56, மிச்சம் 3.4, அத மேலயும் கீழயும் விட்டேன். அது மேல சார்கோல் (வரையற கரி) பூசி, ரப்பரால எடுத்து எடுத்து வெளிச்சம் கொண்டு வந்தேன். கோடு மறையற எடத்துலதான் வெளிச்சம் அதிகம். கலர் ஒண்ணு கூட இல்ல. எனக்கு கலர் வராது, மெதுவா வேல செய்யற ஆளு நான், உங்களுக்கு கலர் நல்லா வரும்னா இந்த பகுதிய விட்டுடுங்க.

ஏ ஸ்டார் போனது எக்ஸாம்லன்னு நெனைக்கறேன். எட்டு மணி நேரம் நெறயன்னு நம்பிட்டேன். சப்போர்ட்டிங் ஸ்டடீஸ்ல (எக்ஸாமுக்கு முன்னாடி பண்ற தயாரிப்பு வேல) எல்லாம் உள்ளங்கை சைஸ்ல அழகா பண்ணியிருந்தேன், ஃபைனல் சைஸ்ல ஒரு தடவ கூட பண்ணிப் பாக்கல. சார்கோல் பெரிய பேப்பர்ல எவ்ளோ நேரம் இழுக்கும்னு எக்ஸாம் ஹால்லதான் தெரிஞ்சுச்சு, கீழ கால்வாசி அவசரத்துல முடிச்சேன், இப்ப கண்ண மூடுனாலும் அந்த மூல தெரியுது. தயவு செஞ்சு ஒரு சனிக்கிழம, கடிகாரத்த வெச்சுக்கிட்டு, அதே சைஸ் பேப்பர்ல ஒரு மூலைய மட்டுமாவது முழுசா முடிச்சுப் பாருங்க.

வீட்ல படிக்கட்டு இல்லன்னு ஒரு தங்கச்சி கேட்டா. படியே வேணும்னு இல்லம்மா. கதவு கைப்பிடிக்கு கீழ பெயின்ட் போன எடம், நாற்காலி கைல பளபளன்னு ஆன பகுதி, நீ எழுதற மேஜையோட விளிம்பு. ஒண்ணுமே இல்லன்னா ஸ்விட்ச் போர்டு முன்னாடி போய் நில்லு, எந்த ஸ்விட்ச்ச சுத்தி கை அழுக்கு ஜாஸ்தின்னு பாரு, அது யாரு கைன்னு வீட்ல கேளு, ஃபோன் வேற ரூம்லயே இருக்கட்டும்.