எங்கள் ஊரில் இல்லாத மேகம்

மேகத்தைப் பற்றி வேலை செய்கிறேன் என்று சொன்னால், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ நாளைக்கு மழை வருமா?" நான் வானிலை சொல்பவள் இல்லை. பூமியின் காற்றையும் கடலையும் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் காலநிலை மாதிரிகள் இருக்கின்றனவே, அவை காட்டும் மேகத்தைச் செயற்கைக்கோள் பார்த்த மேகத்தோடு ஒப்பிடுவது என் வேலை. குழு இருப்பது வெளிநாட்டில். பெருந்தொற்றுக்குப் பிறகு அம்மாவோடு இருந்துகொண்டே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. கூட்டங்கள் எல்லாம் எனக்கு ராத்திரியில்தான். இடி இடித்தால் இணையம் போய்விடும், அது தனிக்கதை.

எங்கள் ஊர் மேகம் உயரமானது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மத்தியானம் மலைப்பக்கம் கருக்கும், நாலு மணிக்கு மேல் கொட்டும். இந்த இடிமேகம் 15 கிலோமீட்டர் உயரம் வரைகூட எழும்பும். பார்க்கப் பயமாக இருந்தாலும், இதன் கணக்கு ஓரளவு நேராகிவிடுகிறது. மேலிருந்து வரும் வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்தும் வைக்கும். ஒன்றை இன்னொன்று பெரும்பாலும் ஈடுகட்டும்.

விஞ்ஞானிகளை இத்தனை வருடமாக அலைக்கழிப்பது நாங்கள் பார்த்தே இராத ஒரு மேகம். பெரு, கலிபோர்னியா, நமீபியா கரைகளுக்கு அப்பால், குளிர்ந்த கடலின் மேல், தாழ்வாகப் பரந்து கிடக்கும் ஸ்ட்ராட்டோகுமுலஸ். இடியும் இல்லை, பெரிய மழையும் இல்லை. தாழ்வாக இருப்பதால் இதன் உச்சியும் கடல்போலவே கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கிறது. அதனால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வேலையை அதிகம் செய்யாது. வெயிலை மட்டும் திருப்பி அனுப்பும். உலகத்து மேகங்கள் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 20 வாட் குளிர்ச்சி தருகின்றன. கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியில் கூடும் வெப்பம் அதே சதுர மீட்டருக்குச் சுமார் 4 வாட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேகம் கொஞ்சம் மெலிந்தாலே என்ன ஆகும் என்பது தெரிந்துவிடும்.

மாதிரிக்குள் இந்த மேகத்தைக் கொண்டுவருவதில்தான் எல்லாச் சண்டையும். மாதிரி, உலகத்தை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. மேகத்தின் சுழல்களோ சில நூறு மீட்டர்தான். அதனால் ஈரம் இவ்வளவு, காற்றின் நிலைத்தன்மை இவ்வளவு என்றால் கட்டத்தில் மேகம் இவ்வளவு என்று ஒரு விதியை எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் வேறு வேறு விதி. கடலின் சூட்டை எல்லா இடத்திலும் 4 டிகிரி கூட்டி எல்லா மாதிரிகளையும் ஓட்டச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அதன் வரைபடங்களை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு மாதிரியில் பெரு கரை மேகம் கரைந்து போகிறது, இன்னொன்றில் அசையவே இல்லை. கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி 1.5 முதல் 4.5 டிகிரி சூடாகும் என்று 1979இல் அமெரிக்க விஞ்ஞானி சார்னியின் குழு சொன்ன இடைவெளி, 2021இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை 2.5 முதல் 4 என்று சுருக்கும்வரை நாற்பது வருடம் பெரிதாக மாறவில்லை. அதற்கு முக்கியக் காரணம் இந்தத் தாழ்ந்த மேகங்கள்தான்.

இந்த வேலையில் நான் நம்பாமல் போனது சராசரியை. பழைய மாதிரிகள் பலவற்றில் தாழ்ந்த மேகம் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கும், இருக்கிற மேகமோ அளவுக்கு மீறிப் பளபளக்கும். இரண்டு பிழையும் சேர்ந்து திரும்பிப் போகும் வெயிலின் கூட்டுத்தொகை சரியாக வந்துவிடும்! முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அந்தக் கூட்டுத்தொகையை முதல் பக்கத்தில் போட்டு, மேகத்தின் பரப்பைப் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கடல் சூடாகும்போது எது எப்படி மாறும் என்பது அந்தப் பின்னிணைப்பில் அல்லவா இருக்கிறது?

போய் அளந்துவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. 2020 ஜனவரி, பிப்ரவரியில் பார்படோஸுக்குக் கிழக்கே கப்பல்களும் விமானங்களுமாக யுரேகா என்ற ஆய்வு நடந்தது. அங்கே இருப்பது, வெப்பமண்டலக் கடலில் கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்றில் மிதக்கும் சின்னச் சின்னக் குமுலஸ் மேகங்கள். கடல் சூடானால் மேலேயுள்ள வறண்ட காற்று அதிகம் கலந்து இந்த மேகத்தை உலர்த்திவிடும் என்று சில மாதிரிகள் பயமுறுத்திக்கொண்டிருந்தன. விமானத்திலிருந்து கருவிகளைப் போட்டு அளந்து பார்த்து, 2022இல் முடிவு வெளியானது: கலப்பு கூடினால் மேகம் அப்படி உலர்ந்து போவதில்லை. மிக அதிகச் சூட்டைச் சொன்ன மாதிரிகளின் வாதம் ஒன்று அதோடு பலவீனமானது. மற்ற இடங்களில் மேகம் மெலியும் என்பது அதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

இதில் நம் பக்கத்துக் கடலுக்கும் ஒரு கை இருக்கிறது. பெருவின் மேகத்துக்கு மேலே சூடான காற்று ஓர் அடுக்காக நின்று, பானைக்கு மூடி போட்டதுபோல ஈரத்தைக் கீழேயே அடைத்து வைக்கிறது. அந்த மேல்காற்றின் சூட்டைத் தீர்மானிப்பது, இந்தோனேசியாவைச் சுற்றியும் மேற்குப் பசிபிக்கிலும் 28 டிகிரிக்கு மேல் கிடக்கும் கடல். இங்கே எழும் இடிமேகங்கள் அந்தச் சூட்டை மேலே கொண்டுபோய் வெப்பமண்டலம் முழுக்கப் பரப்புகின்றன. நம் பக்கம் சூடேறி, பெருவின் கடல் குளிர்ந்தே இருந்தால் மூடி இறுகும், மேகம் கூடும். 1980களுக்குப் பிறகு பல வருடம் நடந்தது இதுதான். பெரும்பாலான மாதிரிகள் இந்தக் கோலத்தைக் காட்டவில்லை. கிழக்குப் பக்கமும் சூடேறத் தொடங்கினால் மேகம் மெலியும், இதுவரை கிடைத்த சலுகையும் போகும். இது எனக்குப் படிப்பில் வராமல் வேலையில்தான் புரிந்தது.

ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவிய பெரியப்பாவிடம் இதையெல்லாம் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அதெல்லாம் சரி பாப்பா, மழை எத்தனை மணிக்குப் பெய்யும்னு ஒங்க கம்ப்யூட்டர் சொல்லுமா?" என்றார். விடியற்காலையில் பெய்தால் பட்டை நனைந்து அன்றைக்கு வேலை இல்லை. சீவி முடித்த பிறகு பெய்தால் பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் விழுந்து பால் வீண். சாயங்காலம் பெய்தால் யாருக்கும் நட்டமில்லை. மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மாதிரிகள் சறுக்கும் இடம் அதுவேதான். தரையில் பின்மாலையில் வர வேண்டிய மழையை அவற்றில் பல உச்சிப்பொழுதை ஒட்டியே பெய்துவிடும். எங்கள் பக்கத்து 2,183 மீட்டர் உயர கோர்பு மலைகூட 100 கிலோமீட்டர் கட்டத்தில் சமனாகி வெறும் மேடாகிவிடும், மலை கூட்டிவரும் மழைக்கு அங்கே இடம் ஏது? சில கிலோமீட்டர் கட்டத்தில் ஓடும் புதிய மாதிரிகள் நேரத்தை நன்றாகவே பிடிக்கின்றன, ஆனால் நூறு வருடத்துக்கு ஓட்டினால் செலவு கட்டாது.

"பன்னெண்டு மணிக்குப் பெய்யுதுன்னா அது நம்ம ஊரு மழை இல்லியே" என்று சொல்லிவிட்டுக் கிளாஸை நகர்த்தினார் பெரியப்பா. தீபகற்பத்தின் மழை நேரத்தையும் ஒப்பீட்டில் சேர்க்கலாமே என்று அடுத்த கூட்டத்தில் கேட்டேன். பெரு கரை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.