சுவருக்கு வைத்த மீட்டர்

போரூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். காலையில் கேட்டில் நின்று ஹெல்மெட், ஷூ எல்லாம் பார்த்து ஆட்களை உள்ளே அனுப்புவது என் முதல் வேலை. பைல் சிப்பிங், அதாவது மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் அஸ்திவாரத் தூண்களின் (பைல்) தலையை உடைக்கும் கேங்கில் கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர், 45 வயதிருக்கும், ஹெல்மெட் பட்டையை மாட்டவே மாட்டார். "அண்ணே, பட்டை" என்பேன். "மாட்டிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு அப்படியே போய்விடுவார். மூன்றாவது வாரம் பெயரை நோட்டில் எழுதி ஒரு நாள் வெளியே நிறுத்தினேன். அன்றைய கூலி போனது.

பைல் போடும்போது தேவையான மட்டத்துக்கு மேலேயும் கொஞ்சம் கான்கிரீட் ஏற்றி நிறுத்துவார்கள். மேல்பகுதியில் சேறு கலந்து பலமில்லாமல் இருக்கும். அதை உடைத்து நல்ல கான்கிரீட் வரை இறங்குவதுதான் சிப்பிங். கம்ப்ரஸர் காற்றில் ஓடும் பிரேக்கர் என்ற உடைக்கும் கருவி நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் அடிக்கும். அதை நாள் முழுக்க நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பார்கள்.

ஒரு நாள் டீ நேரத்தில் அந்த அண்ணன் கண்ணாடி கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் கிளாஸைத் தொடவே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். "மரத்துப் போச்சு சார். பட்டை கொக்கி கைக்குத் தட்டுப்படல. சட்டை பட்டன் வீட்டுக்காரிதான் போட்டு விடுது" என்றார். எத்தனை நாளாக என்றேன். இரண்டு வருஷமாம். ராத்திரி குறுகுறுவென்று எரிந்து தூக்கமும் போய்விடுமாம்.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இவரைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து என்னவென்று கேட்டார். இவர் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். நாணயம் கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டுத்தான் "காசு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிரேக்கரின் அதிர்வு விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. மரத்துப்போவது முற்றிய பிறகு வேலையை நிறுத்தினாலும் உணர்ச்சி முழுதாகத் திரும்புவது அரிது. இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918இலேயே பதிவு செய்திருக்கிறார். நம் ஊர் வெயிலில் விரல் அப்படி வெளுப்பது குறைவு. மரத்துப்போவது மட்டும் உள்ளுக்குள்ளேயே நடக்கும். பார்த்தால் கை நன்றாகத்தான் தெரியும்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐரோப்பாவில் கைக்கு வரும் அதிர்வு, எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக, விநாடி வர்க்கத்துக்கு 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, 2.5 வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். பழைய பிரேக்கர் 12 காட்டுவது சாதாரணம். அப்படியானால் 21 நிமிடத்தில் முதல் அளவு, சுமார் 1 மணி 23 நிமிடத்தில் உச்ச வரம்பு. எங்கள் ஆட்கள் பிடித்தது ஆறு மணி நேரம்.

இத்தனைக்கும் சைட்டில் அதிர்வு மீட்டர் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் வழக்கு வருமே என்று மூன்று இடத்தில் வைத்து, தினமும் ரீடிங் எடுத்து மேலே அனுப்பினோம். அனுப்பியவன் நான்தான். பிரேக்கர் பிடித்த கையை ஒருவரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை.

முதலில் கையுறை கேட்டேன். பிரேக்கரின் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அதிர்வை, அதிர்வு தடுக்கும் கையுறைகூடப் பெரிதாகத் தடுக்காது என்று படித்த பிறகு அதை விட்டேன். ஆள் மாற்றி ஆள் பிடிப்பது, மழுங்கிய உளியை உடனே மாற்றுவது, பிரேக்கரைத் தன் எடையிலேயே வேலை செய்ய விட்டு இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது, இவை உதவின. இன்னும் நல்லது, கான்கிரீட் போடும் முன்பே, உடைக்கப்போகும் பகுதியில் கம்பிகளுக்குக் குழாய் மாட்டிவிடுவது. அந்த இடத்தில் கான்கிரீட் கம்பியைப் பிடிக்காது, உடைக்கும் நேரம் வெகுவாகக் குறையும். இதற்காக நான் போட்ட சண்டையில் பாதிதான் ஜெயித்தேன்.

அந்த அண்ணனை ஸ்டோருக்கு மாற்றினோம். கூலி குறைந்துவிட்டது. சிப்பிங் கூலியையே கொடுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், நடக்கவில்லை. வெளியே நிறுத்திய நாளின் கூலியை என் கையிலிருந்து கொடுத்தபோது, வாங்க மாட்டேன் என்று ரொம்ப நேரம் மறுத்தார்.

இப்போது வேறு சைட். கேட்டில் பட்டை தொங்க யாராவது வந்தால் நோட்டை எடுப்பதில்லை. எந்தக் கேங் என்று கேட்டுவிட்டு, கையை நீட்டச் சொல்கிறேன்.