மூணு ஃபைலை ஒண்ணா தைச்சா மட்டும் போதுமா?

சுற்றுச்சூழலுக்கு ஐஎஸ்ஓ 14001, எனர்ஜிக்கு 50001, தண்ணிக்கு 46001ன்னு இருக்கிற சர்வதேச மேனேஜ்மென்ட் ஸ்டாண்டர்டு மூணையும் ஒரே சிஸ்டமா ஆக்கப்போறோம்னு பெரிய கம்பெனில கிளம்புனா முதல்ல கை வைக்கிறது டாக்குமென்ட்லதான். ஏன்னா அது ஈஸி. மேனேஜ்மென்ட் ஸ்டாண்டர்டுக்கெல்லாம் பொதுவா ஒரு எலும்புக்கூட்டை (ஒரே மாதிரி அத்தியாய அமைப்பு) 2012லயே போட்டுட்டாங்க, 14001 2015லயும் 50001 2018லயும் அதுக்கு மாறிடுச்சு, 46001 2019ல பொறக்கும்போதே அப்படித்தான். பாலிசி ஒண்ணு, இன்டர்னல் ஆடிட் ஒண்ணு, ரிவ்யூ மீட்டிங் ஒண்ணு. பேப்பர் குறையும், சந்தோஷம்.

ஆனா உண்மையான சண்டை கூலிங் டவர்கிட்டதான் (சூடான தண்ணில கொஞ்சத்தை ஆவியாக்கி மீதியை ஆறவைக்கிற கோபுரம்) இருக்கு. ஆவியாப் போறது 100 கிலோலிட்டர்னு வைங்க, தண்ணிய 3 சைக்கிள்ல ஓட்டினா (அதாவது உப்பு புதுத் தண்ணில இருக்கிறத விட 3 மடங்கு ஆகுற வரைக்கும் சுத்த விட்டா) 50 கிலோலிட்டர் உப்புத் தண்ணிய ப்ளோடவுன்னு வெளிய விடணும், அதையே 6 சைக்கிள் ஆக்கினா 20 போதும். உள்ள விடுற தண்ணி 150லேர்ந்து 120 ஆயிடுது, தண்ணி டீமுக்கு கைதட்டல். ஆனா உப்பு சேர்ந்து சில்லரோட (குளிரூட்டுற மெஷின்) சூட்டை வெளிய தள்ளுற கண்டென்சர் டியூப்ல படிமம் கட்டுனா அந்த மெஷின் கூடுதலா கரண்ட் இழுக்கும், அதைத் தடுக்க கெமிக்கலை ஏத்துனா அது கழிவுநீர்ல வந்து நிக்கும், அப்போ சுற்றுச்சூழல் டீமுக்கு தலைவலி. மூணு பேர் ரிப்போர்ட்டையும் தனித்தனியா பாத்தா அவங்கவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்! கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளிய போகக்கூடாதுன்னு அதைக் காய்ச்சி ஆவியாக்குற எவாப்பரேட்டர் வைக்கிறதும் இதே கதைதான், தண்ணி மிச்சம், ஆனா ஸ்டீமும் கரண்டும் எகிறும்.

எனக்கு என்னமோ மேனுவலை விட பிராஜெக்ட் அப்ரூவல் ஃபார்ம்தான் முக்கியம்னு படுது. யார் என்ன மாத்த வந்தாலும் கரண்ட் யூனிட், தண்ணி கிலோலிட்டர், கழிவுன்னு மூணு கட்டத்தையும் நிரப்பாம கையெழுத்து கிடையாதுன்னு வைக்கணும், மூணும் மோதுனா முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒரு ஆள் வேணும் (கமிட்டி இல்லைங்க, ஆள்). மீட்டர் ரீடிங்கும் ஒரே நேரத்துல எடுத்ததா இருக்கணும், தண்ணி மாசத்துக்கு ஒரு தடவை கரண்ட் கால் மணிக்கு ஒரு தடவைன்னு இருந்தா எதையும் ஒப்பிட முடியாது.

இன்னொண்ணு, சேர்க்கும்போது 50001 நீர்த்துப் போயிடும், ஜாக்கிரதை. அது எனர்ஜி பர்ஃபார்மன்ஸ் நிஜமாவே முன்னேறுதுன்னு பேஸ்லைனோட (ஒப்பிட வச்சிருக்கிற ஆரம்ப அளவு) ஒப்பிட்டு நம்பர்ல காட்டச் சொல்லுது. பொதுவா ஒரு பாலிசி எழுதுறேன்னு அதை "தொடர்ந்து மேம்படுத்துவோம்"னு ஒரு வரில முடிச்சுட்டா ஆடிட்டர் அங்கதான் பிடிப்பார்.