கராஜுக்கு மேலே இருக்கும் அறை

இங்கிலாந்தில் புது வீடு வாங்கினால் குளிர்ப் பிரச்சினை இல்லை என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். எங்கள் வீடு மில்டன் கீன்ஸ் பக்கம், 2024இல் கட்டி முடித்தது. எரிசக்திச் சான்றிதழில் 'பி' கிரேடு. ஹால், கிச்சன், பின்பக்க அறைகள் எல்லாமே டிசம்பரில்கூட சுகமாக இருக்கின்றன. கராஜுக்கு மேலே ஒரு படுக்கையறை இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அந்த அறையைப் பற்றித்தான்.

அம்மா மதுரையிலிருந்து வந்தபோது தங்கியது அங்கேதான். இரண்டாம் நாள் காலையில் சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "புது வீடுங்கிற, தரையிலருந்து சில்லுனு ஏறுதேடா. கீழ என்ன ஐஸ் ஃபேக்டரியா வச்சிருக்கான்?"

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை முழுக்கத் திருப்பி வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. வெப்பநிலையைப் பார்த்துப் பாய்லரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருப்பது ஹாலில். ஹால் 20 டிகிரியைத் தொட்டதும் பாய்லர் 'போதும்' என்று நின்றுவிடும். அந்த நேரத்தில் மேலே 16. ஹால் தெர்மோஸ்டாட்டை 23க்கு ஏற்றினால் அம்மாவுக்கு ஓரளவு சரியாகும், மற்ற எல்லாரும் பனியனோடு உட்கார வேண்டும், கேஸ் பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தொழில் சாப்ட்வேர் டெஸ்டிங். 'டெஸ்ட் பாஸ்' என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டால் எனக்கு வரும் முதல் கேள்வி, எதை டெஸ்ட் செய்தீர்கள் என்பதுதான். அதனால் வீட்டோடு தந்த காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தின் கட்டட விதிகளில் 'பார்ட் எல்' என்ற பகுதிதான் வெப்பம் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் பகுதி. அதில் ஒரு பெரிய மாற்றம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. அதில் சுவர், கூரை, தரை ஒவ்வொன்றுக்கும் யு-வேல்யூ என்று ஒரு எண் வரும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெளியேறும் என்பதுதான் அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விதியே தரும் மாதிரி வீட்டுக் கணக்கில் சுவருக்கு 0.18, தரைக்கு 0.13. வெளியே பூஜ்யம், உள்ளே 20 என்றால் ஒரு சதுர மீட்டர் தரை வழியாகப் போவது வெறும் 2.6 வாட். ஒன்றுமே இல்லை. எங்கள் காகிதத்திலும் இதை ஒட்டிய எண்கள்தான் இருந்தன. ஆனால் அந்த எண்கள் வரைபடத்தையும் பொருள் பட்டியலையும் வைத்துப் போட்ட கணக்கு. கட்டி முடித்த தரையை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அளக்கும் விஷயம் ஒன்று உண்டு, காற்றுக்கசிவு. வாசல் கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளே வெளியே 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள். முன்பு ஒவ்வொரு மாதிரிக்கும் சில வீடுகளை மட்டும் சோதித்தால் போதும். 2022 விதிப்படி எல்லா வீட்டையும் சோதிக்க வேண்டும். எங்கள் வீடு பாஸ். நல்ல மார்க்கிலேயே பாஸ். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தச் சோதனை, அறைக்குள் வரும் காற்றை அளக்கிறது. தரைப் பலகைக்குக் கீழே, கராஜ் சீலிங்குக்கு மேலே, நடுவில் இருக்கும் பொந்தில் காற்று ஓடினால் அதற்குத் தெரியாது. மேலே கார்பெட், அதன் கீழே சிப்போர்டு என்ற மரத்தூள் பலகை, எல்லாம் இறுக்கமாக ஒட்டியிருக்கும். அறைக்குள் ஒரு துளி காற்றும் வராது. தரை மட்டும் ஜில்லென்று இருக்கும்.

போனில் செருகும் தெர்மல் கேமரா ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம்: உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் வேண்டும், வெயில் பட்ட சுவரைப் பார்த்துப் பயனில்லை. விடியும் முன்னால் எடுப்பதுதான் நல்லது. காற்று அடித்த ஜனவரி விடியலில் எடுத்தேன். அறைக்காற்று 17. அறையின் நடுவில் கார்பெட் 15. வெளிச்சுவர் ஓரம் போகப் போக நீலம் கருநீலமாகி 11க்கு வந்தது. படத்தில் அந்த நீலம் பட்டை பட்டையாக இருந்தது, தரையைத் தாங்கும் மரக்கட்டைகளின் இடைவெளி அளவுக்கே. அதைப் பார்த்ததும், இன்சுலேஷன், அதாவது வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு, இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று புரிந்துவிட்டது. அம்மா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடித்த ஸ்கர்ட்டிங் பலகை ஓரமாகக் காட்டினார். புகை நேராகத்தான் போனது. பாத்ரூமில் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் மட்டும் புகை படுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தது. அது தனி வழக்கு.

பில்டரின் கஸ்டமர் கேரிலிருந்து வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் மூலையில் லேசாகப் படர்ந்திருந்த கருப்புப் பூஞ்சணத்தைப் பார்த்ததும் அவருடைய பாட்டு மாறிவிட்டது. "நீங்கள் நிறைய சமைப்பீர்களா? சோறு தினமும் வேகவைப்பீர்களா? துணியை உள்ளே உலர்த்துவீர்களா?" புது வீட்டில் காரைத் தண்ணீர் காய வருடம் ஆகும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். காரை காயும் என்பது சரிதான். புது வீட்டின் சாந்திலும் பூச்சிலும் நிறையத் தண்ணீர் இருக்கும். ஆனால் அது எல்லா அறைக்கும் பொது. பூஞ்சணம் வந்தது ஒரே ஒரு அறையில், அதுவும் அந்த நீலப் பட்டை முடியும் மூலையில். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள், அது சாதாரணம். சுவர் 15 டிகிரிக்கு இறங்கினாலே அதை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80ஐத் தாண்டும், பூஞ்சணத்துக்கு அது போதும். 12க்கு வந்தால் தண்ணீராகவே வடியும். ரசம் வைத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

குளிர் தாங்காமல் சிலர் ஜன்னல் மேல் இருக்கும் சின்ன காற்றுத்துளைகளை டேப் போட்டு அடைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குளிருக்குக் காரணம் அது இல்லை, அடைத்தால் ஈரம்தான் கூடும்.

2022 விதியில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. மூடி மறைப்பதற்கு முன்னால் இன்சுலேஷனைப் போட்டோ எடுக்க வேண்டும், அந்தப் படங்களை வீட்டுக்காரருக்கும் தர வேண்டும். கேட்டேன். பல நினைவூட்டலுக்குப் பிறகு வந்தது. படத்தில் தரை அருமையாக இருந்தது, பஞ்சு கச்சிதமாக அடைத்திருந்தது. ஒரே குறை, அது எங்கள் வீடு இல்லை. எங்கள் ஜன்னல் இடப்பக்கம், படத்தில் வலப்பக்கம். இடவலம் மாற்றிக் கட்டிய எதிர்வீட்டுப் படம் அது. அதைச் சுட்டிக்காட்டி, தெர்மல் படத்தையும் சேர்த்து எழுதிய மெயிலுக்குத்தான் முதல் முறையாக ஒரு மேலாளர் பதில் போட்டார்.

கராஜ் சீலிங்கைப் பிரித்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பிளாஸ்டர்போர்டு இறங்கியதும் அதன் மேல் கிடந்த பஞ்சும் கூடவே விழுந்தது. அது தரைப் பலகையின் அடியில் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் சீலிங் மேல் சும்மா படுத்திருந்தது, மேலே ஒரு சாண் இடைவெளி. கட்டைகளின் முனைகள் வெளிச்சுவர்ப் பக்கம் அடைக்கப்படவில்லை, காற்று அந்த இடைவெளிக்குள் தாராளமாகப் போய் வந்திருக்கிறது. அதாவது பஞ்சுக்கு மேலே குளிர்காற்று, அதற்கு மேலே எங்கள் தரை. இப்படி வைத்தால் பஞ்சு எவ்வளவு தடிமனாக இருந்தும் லாபமில்லை. ஒரு இடைவெளியில் ரோலைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே செருகியிருந்தார்கள். வேலைக்கு வந்த பையன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சிரித்தான்.

பஞ்சைப் பலகையோடு ஒட்டி, தொய்யாதபடி கம்பி வலை அடித்து, முனைகளில் கெட்டி ஃபோம் போர்டு வெட்டி வைத்து டேப் ஒட்டினார்கள். பொருள் செலவு பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. முதல் முறையே ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். யு-வேல்யூவை 0.13லிருந்து 0.11 ஆக்குவது பற்றி இங்கே மாநாடு நடத்துகிறார்கள். அண்ணாந்து பார்க்க ஆள் போட மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இருக்கும் கோபம் அதுதான்.

வீடு வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருட வாரண்டி என்று சொன்னாலும், இந்த மாதிரிக் குறைகளைப் பில்டர் வந்து சரிசெய்வது பொதுவாக முதல் இரண்டு வருடம்தான். அதற்கப்புறம் பெரும்பாலும் கட்டுமானக் கோளாறு மட்டும். இரண்டு வருடம் என்றால் இரண்டே குளிர்காலம். ஜூனில் 'தரை ஜில்லென்று இருக்கிறது' என்று மெயில் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜனவரியிலேயே தேதி போட்டுப் படம் எடுத்து, எழுத்தில் அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

அறை இப்போது ஹாலைவிட ஒரு டிகிரிதான் குறைவு. பாத்ரூம் குழாய் ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. குளியல்தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, குழாயைச் சுற்றி அடைக்க வேண்டும். வெளியே தெரியும் வளையத்தைச் சுற்றி சிலிகான் தடவிவிட்டுப் போகிறோம் என்கிறார்கள். முடியாது, பலகையைக் கழற்றுங்கள் என்று நேற்றுதான் பதில் எழுதினேன்.