"ஒரே யோசனை" என்றால் நெஞ்சையும் கேளுங்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. "ஒடம்பெல்லாம் அசதி", "நெஞ்சு அடைக்குது", "ஒரே யோசனை" என்றுதான் போவார்கள். வலி மாத்திரையோடு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்குத் திரும்புவார்கள்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் அடுத்த சில மாதங்களில் இறக்கும் அபாயம் கூடுதல் என்பதை 1993இல் மொன்றியலில் நடந்த ஆய்வு காட்டியது. 2014இல் அமெரிக்க இதயச் சங்கமும் இதை அபாயக் காரணியாக ஏற்கச் சொன்னது. சோர்ந்த மனம் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பை உயர்த்தும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டுகளை எளிதில் ஒட்டவைக்கும். ஆனால் லயத்தில் முதலில் தெரிவது வேறு: மாத்திரை விழுங்கப்படாமல் கிடக்கும். மாரடைப்பு வந்தவருக்குக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்குக் கொடுத்த கடதாசி உறையைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். நாளுக்கு ஒன்று என்றால் இருபதாம் நாள் பத்து மாத்திரைதான் மிஞ்ச வேண்டும். பதினெட்டு இருந்தால் அதை மறதி என்று விட்டுவிடாதீர்கள்.

ஏசாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "அப்பா, இந்த ரெண்டு கிழமையா எதுலயும் விருப்பமில்லாம இருக்கா?" "மனசு பாரமா, நம்பிக்கை இல்லாம இருக்கா?" ஒவ்வொன்றுக்கும் இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் 2, கிட்டத்தட்ட தினமும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. ஆம் என்றால் வீட்டிலுள்ள களைக்கொல்லியை அப்புறப்படுத்தி, தனியே விடாமல், மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

மருந்து விஷயத்தில் ஒரு கவனம். அமிட்ரிப்டிலின் தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதப்படுவது. அது இதயத் துடிப்பின் ஓட்டத்தைக் குழப்பக்கூடியது, மாரடைப்பு வந்தவருக்கு உகந்ததல்ல. கிளினிக் கொப்பியைத் திறந்து காட்டாமல் எந்த டொக்டரிடமும் மருந்து வாங்க வேண்டாம். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து இதய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அது வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும். "ஒண்ணும் பலனில்ல" என்று பத்தாம் நாளில் நிறுத்திவிடாதீர்கள். அஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம், மலம் கறுத்தால் உடனே காட்டுங்கள்.

மனச்சோர்வு தெரிந்தவருக்கு வரும் நெஞ்சு வலியை "யோசனைதான்" என்று தள்ளிவிடாதீர்கள். இறுக்கமும் வியர்வையும் கையில் பரவும் வலியுமாக வந்தால், மேட்டு லயத்திலிருந்து நடக்க விடாமல், உட்காரவைத்து அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். வாகனம் எந்த ரோட்டு வரை வரும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.