ஜிரோவுக்கு எடுத்துப்போன உள்பாவாடை

இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிறது. மார்கழியில் சென்னையிலும் லேசாக வெள்ளை தட்டும்தான். ஆனால் இது குப்பியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அசையாத உறைவு. கூடாரத்துக்குள் சம்மணமிட்டு, குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே தூறல். பக்கத்துக் கூடாரத்தில் யாரோ கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும் என்று பள்ளியிலேயே படித்ததுதான். மூட்டை கட்டும்போது நினைவுக்கு வரவில்லை. இடுப்புவரை முடி வைத்துக்கொண்டு மலையில் கூடாரமடிக்கப் போகிறவள் நல்லெண்ணெய் அல்லவா எடுத்துப்போயிருக்க வேண்டும்!

அருணாசலப் பிரதேசத்தின் ஜிரோ பள்ளத்தாக்கில் செப்டம்பர் கடைசியில் நான்கு நாள் நடக்கும் இசை விழா இது. உள்ளூர்க்காரரான பாபி ஹானோவும் கிதார் கலைஞர் அனுப் குட்டியும் சேர்ந்து 2012இல் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சுற்றிலும் பைன் மரங்கள், நடுவில் அபதானி மக்களின் நெல்வயல்கள். மேடை முதல் உட்காரும் பலகை வரை மூங்கிலில் கட்டியது. பகல் மேடைக்கு டான்யி என்றும் இரவு மேடைக்கு பீலோ என்றும் பெயர். அபதானி மொழியில் சூரியனும் சந்திரனும். பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. பெண்கள் அங்கே எதை உடுத்துவது, எங்கே மாற்றுவது, தலையை என்ன செய்வது என்று கிளம்பும் முன் நான் தேடியபோது அகப்பட்டவை பூக்கிரீடம் சூடிய பெண்களின் படங்கள் மட்டுமே. அந்தப் படங்களை நம்பித்தான் நானும் பை கட்டினேன்.

இரண்டு ஜீன்ஸ், கண்ணாடி பதித்த நீளப் பருத்திப் பாவாடை, வெள்ளை நூல் பின்னல் மேல்சட்டை, கன்னத்தில் பூசிக்கொள்ள ஒரு டப்பி ஜிகினா, தண்ணீர் வேண்டாத டிரை ஷாம்பு. அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "இதெல்லாம் நனைந்தால் எங்கே காயப்போடுவாய்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்துபோய் நைந்த உள்பாவாடை ஒன்று, இரண்டு ஈரிழைத் துண்டுகள், ஒரு சரம் ஊக்கு, இரண்டு முழ நாடா ஆகியவற்றைக் கொண்டுவந்து பையின் அடியில் செருகினாள். நான் முகம் சுளித்தேன். இசை விழாவுக்கு யாராவது உள்பாவாடை எடுத்துப்போவார்களா?

அம்மாவுக்கு இதில் அனுபவம் உண்டு. சிறுமியாக இருந்தபோது தை மாதத்தில் தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாற்றுக்கு அவளை அழைத்துப்போவார்களாம். சத்திரத்துக் கூடத்தில் நாற்பது பேரோடு படுக்கை, விடியும் முன் காவிரியில் குளியல், ஈரத்தோடு வந்து கூட்டத்துக்கு நடுவே உடை மாற்றம், பிறகு பஞ்சரத்தினக் கீர்த்தனை. யோசித்துப் பார்த்தால் அதுவும் திறந்தவெளி இசை விழாதான். கூடாரம் மட்டும் இல்லை.

குவாஹாத்தியிலிருந்து இரவு ரயில் காலையில் நாகர்லகுனில் இறக்கிவிட்டது. வெளிமாநிலத்தவர் அருணாசலத்துக்குள் நுழைய வேண்டிய இன்னர் லைன் பெர்மிட்டைக் காட்டிவிட்டு வெளியே வந்தால் ஷேர் சுமோக்கள் நிற்கின்றன. அங்கிருந்து ஜிரோ நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதையில் ஐந்து மணி நேரம். பைகளை வண்டியின் தலையில் ஏற்றிக் கட்டினார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே போர்த்திய தார்ப்பாய் ஒரு பக்கம் பறந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. முகாமில் பையைத் திறந்தபோது மேலிருந்து நனைந்து நனைந்து ஈரம் பாதிவரை இறங்கியிருந்தது. அடியில் கிடந்த அம்மாவின் பொருள்கள்தான் காய்ந்திருந்தன.

பைக்கு வெளியே போடும் மழையுறையை நம்பாதீர்கள். உள்ளே ஒரு பெரிய பாலிதீன் உறையை விரித்து, அதற்குள் துணிகளை அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஒரு நாளுக்கு வேண்டிய மொத்த உடையையும் உள்ளாடை, காலுறை உட்பட ஒரே பொட்டலமாகச் சுருட்டி வைத்தால் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. தூங்குவதற்கு மட்டும் ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும்: தெர்மல் மேலுடை, கீழுடை, கம்பளிக் காலுறை. வெளியே என்ன ஆனாலும் அந்தப் பொட்டலத்தைப் பகலில் பிரிக்கக் கூடாது. என் தோழி முதல் நாள் மாலையே அதை எடுத்துப் போட்டுக்கொண்டு மழையில் ஆடினாள். மூன்று இரவு என் சால்வையில் பாதி அவளுக்குப் போனது.

ஜீன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் அந்தப் பள்ளத்தாக்கில் நான்கு நாளும் காயவில்லை. ஊருக்குத் திரும்பும்போது அது மட்டும் இரண்டு கிலோ கனத்தது. பருத்திச் சுடிதாருக்கும் அதே கதி. நைலான், பாலியெஸ்டர் கலந்த ஓட்டப் பயிற்சிக் கால்சட்டைகளை நாம் வெயில் ஊரில் அலட்சியமாகப் பார்க்கிறோம். அவை அங்கே கூடாரக் கயிற்றில் ஒரு மணி நேரம் காற்றாடினால் போட்டுக்கொள்ளும்படி ஆகிவிட்டன. கண்ணாடிப் பாவாடையை ஒரே ஒரு முறை உடுத்தினேன். கணுக்கால் ஆழச் சேற்றில் பத்தடி நடப்பதற்குள் முழங்கால்வரை சேறு ஏறி, ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டது.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூவின் கதையைச் சொல்லப்போவதில்லை. ஜிரோவின் ஹபோலிக் கடைத்தெருவில் கம்பூட் என்னும் உயரமான ரப்பர் காலணி வாங்கினேன். அங்கே எல்லாருமே அதைத்தான் போடுகிறார்கள். வயலுக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான். சென்னையிலிருந்து தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. ஆனால் சிறிய அளவுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் இறங்கிய அன்றே வாங்கிவிட வேண்டும். கெண்டைக்காலில் ரப்பர் விளிம்பு உராய்ந்து சிவந்து போகும். காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டால் தப்பிக்கலாம்.

இன்னொன்றை யாருமே எனக்குச் சொல்லவில்லை. அங்கே செப்டம்பர் கடைசியில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. நாடு முழுவதும் ஒரே கடிகாரம் என்றாலும் வானம் அதைப் பார்த்து நடப்பதில்லையே. சென்னைக் கணக்கில் ஆறரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் கும்மிருட்டில் கூடாரத்தின் ஜிப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். குளிர் இறங்குவதும் உடனே. மதியம் கைவைத்த சட்டை போதும். இரவில் 15 டிகிரிக்குப் பக்கம் வந்துவிடும், கூடவே ஈரம். அதனால் நான்கு மணிக்கே முகாமுக்கு வந்து இரவு உடைக்கு மாறி, நெற்றியில் டார்ச்சை மாட்டிக்கொண்டு பீலோ மேடைக்குக் கிளம்புவது வழக்கமானது. கையில் பிடிக்கும் டார்ச் கழிப்பறையில் உதவாது என்பதை முதல் இரவிலேயே கற்றுக்கொண்டேன். ஒரு கையில் நாடா, ஒரு கையில் தண்ணீர்க் குவளை. டார்ச்சை வாயில் கவ்விக்கொள்ள வேண்டியதாயிற்று.

உடை மாற்றுவதுதான் பெரும்பாடு. இருவர் கூடாரம் என்று விற்பார்கள். உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்தாலே தலை இடிக்கும். விளக்கைப் போட்டால் உள்ளே இருப்பவளின் நிழல் துணிமேல் பொம்மலாட்டம்போல விழும். முதல் நாள் படுத்தபடி கால்சட்டையை மாற்ற முயன்று எனக்குச் சுளுக்குப் பிடித்தது. அப்போதுதான் அந்த உள்பாவாடை கண்ணில் பட்டது. நாடாவை இழுத்து மார்புக்கு மேல் முடிந்துகொண்டேன். ஆற்றங்கரையில், அடிபம்புக்குப் பக்கத்தில் நம் பெண்கள் காலங்காலமாகக் குளிப்பதைப் போலத்தான். அதற்குள்ளேயே நனைந்ததைக் கழற்றி, காய்ந்ததை ஏற்றி, வெளியே வந்து நின்றபடி மாற்றி முடித்துவிட்டேன். எதிர்க் கூடாரத்து டெல்லிப் பெண்கள் மூவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மறுநாள் அந்த உள்பாவாடை அவர்களிடம் சுற்றுக்குப் போனது. ஒருத்திக்கு நாடாவைச் சுருக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தர வேண்டியிருந்தது.

அம்மாவின் ஈரிழைத் துண்டும் அப்படித்தான். தோழி கொண்டுவந்த தடித்த டர்க்கித் துண்டு இரண்டாம் நாளே ஊத்தை வாடை அடிக்க ஆரம்பித்தது. ஈரிழை பிழிந்து உதறிப் போட்டால் மதியத்துக்குள் பாதி காய்ந்துவிடும். தலைமுடியைச் சுற்றிக்கட்ட, கழுத்தில் குளிருக்குப் போட, தரையில் விரித்து உட்கார என்று ஒன்றே எல்லாவற்றுக்கும் வந்தது.

முடிக்கு நான் கண்டது ஒரே வழிதான். கிளம்பும் முந்தின நாள் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து, இரட்டைச் சடையாக இறுக்கிப் பின்னிவிடுவது. பிறகு நான்கு நாள் அதைத் தொடாமல் இருப்பது. டிரை ஷாம்பு வெள்ளைக்காரத் தலைக்குப் பொருந்தும் போலிருக்கிறது. என் கறுப்பு முடியில் அது அரிசிமாவு கொட்டியதுபோல நின்றது. ஜிகினா டப்பியைத் திறக்கவே இல்லை. வயலில் மீன் வளர்க்கும் ஊரில் பிளாஸ்டிக் துகளை முகத்தில் பூசிக்கொண்டு போய் அதை மழையில் கரையவிட மனம் வரவில்லை. உண்மையாகவே வயலில் மீன் வளர்க்கிறார்கள். நெற்பயிருக்கு நடுவே தேங்கிய நீரில் கெண்டை துள்ளுகிறது, வரப்பில் கேழ்வரகு நிற்கிறது.

மூன்றாம் நாள் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது, ஐந்து நாள் முன்னதாக. பயண அலைச்சலில் அப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தும் கணக்குப் பார்த்துத் தைரியமாகக் கிளம்பியிருந்தேன். புதிதாக வாங்கிய மாதவிடாய்க் குப்பி (மென்ஸ்ட்ருவல் கப்) பையில் இருந்தது. அதை முதல் முறையாகப் பழக அந்த மூங்கில் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தது என் மூளை. வழுக்கும் பலகை, வெளியே வரிசை, கை கழுவச் சில்லென்று ஒரு குவளைத் தண்ணீர். இருபது நிமிடம் போராடி, கண்ணீரோடு நாப்கினுக்குத் திரும்பினேன். ஊரில் இரண்டு மூன்று மாதம் பழகியவர்களுக்குக் குப்பி வரப்பிரசாதம்தான், குப்பையே சேராது. பழகாதவர்கள் நாப்கினையும், மடித்த செய்தித்தாளையும், இறுக மூடும் ஜிப் உறை ஒன்றையும் எடுத்துப்போய், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கழிப்பறைக் குழியில் போடாதீர்கள். அந்தக் குழியை யாரோ ஒருவர் கையால்தான் மூடப்போகிறார். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போடுவதுபோலத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று தோழி சொன்னாள். மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடுவதில்லை என்று எப்போதோ முடிவெடுத்தவள் நான்.

அன்று முகாம் வீட்டுக்கார அம்மா விறகடுப்பில் ஒரு வாளி வெந்நீர் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றில் கைவைத்துக் காட்டிச் சிரித்தார், அவ்வளவுதான். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது.

அவருடைய மாமியார் அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை கருநீலத்தில் ஒரு கோடு, மோவாயில் ஐந்து கோடுகள், இரு மூக்குப் புறங்களிலும் வட்டமான கறுப்பு அடைப்புகள். அபதானிப் பெண்களின் பழைய அலங்காரம் அது. 1970களில் இளம் தலைமுறை நிறுத்திவிட்டது. பக்கத்து இனத்தவர் கவர்ந்து போகாமலிருக்கப் பெண்களை அவலட்சணமாக்கினார்கள் என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். பேத்தி இந்தியில் பாட்டியைக் கேட்டு எனக்குச் சொன்ன பதில் வேறு: அவர் பெண்ணாக இருந்த நாளில் மூக்கடைப்பு இல்லாத முகம்தான் பார்க்கச் சகிக்காதாம். என் பாட்டியின் கைப் பச்சையும் பாம்படம் ஆடிய காதும் நினைவுக்கு வந்தன. விழாவுக்கு வந்த சிலர் கேட்காமலே அந்தக் கிழவியின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினார்கள். அவர் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் படமெடுக்கவில்லை. அவர்தான் என் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு சின்னதா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

பூக்கிரீடப் பெண்களும் வந்திருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களில் கெட்டிக்காரிகள் கீழே கம்பூட், உள்ளே தெர்மல், மேலே மட்டும் பட்டுச் சட்டை என்று வந்து, படமெடுத்து முடித்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்கள். கடைசி இரவு பீலோ மேடைக்கு முன்னால் ஆயிரம் பேர் ஒரே சேற்றில் குதித்தபோது யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதே தெரியவில்லை. எல்லாரும் இடுப்புக்குக் கீழே ஒரே நிறம்.

கிளம்பும் காலையில் கம்பூட்டைக் கழுவி வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். தன் காலை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பதிலுக்குப் புளிக்கவைத்த மூங்கில் குருத்தை ஒரு பொட்டலமாகக் கட்டி என் கையில் திணித்தார். இந்த முறை பையை வண்டியின் தலையில் ஏற்றவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வெயில் ஏற ஏறப் பொட்டலம் கசிந்து, அந்தப் புளித்த நெடி சுமோ முழுக்கப் பரவியது. முன்சீட்டில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். நான்கு நாள் குளிக்காதவர்கள் என்று நினைத்திருப்பார். மூங்கில் குருத்து என்று சொல்ல வாயெடுத்தேன். தோழி என் கையைக் கிள்ளினாள். ஏனென்றால் அதுவும் உண்மைதான்.